இருபத்து நாலு, ரெண்டு

வருஷத்தில் வேலை குவிகிற தேதி.
முந்தின இரவே மை நிரப்பி
துணியில் ஓட்டை போடும் கண்ணிகளை
டப்பாவில் எண்ணி வைத்துவிடுவேன்.
பாம்பன் பஸ் ஸ்டாப்பில்
ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை ஒன்றே ஒன்று, என்னுடையது.

கட்சிக்குப் பத்துக்கு இருபதில் மூன்று.
அம்மாவுக்கு எழுபத்து நாலாம் பிறந்தநாள்.
போனவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது
கட்சியில்.
தன் முகம் பெரிதாக வேண்டும் என்கிறார் வட்டச் செயலாளர்,
ஆனால் பெரிதாகத் தெரியக் கூடாதாம்.
தெரியாமல் பெரிதாக்கினேன்.

ரயில் பைத்தியங்கள் இரண்டு பேர் சேர்ந்து
பாலத்துக்கு ஒன்று:
பிறப்பு 1914, வயது நூற்றெட்டு.
கேக் படம் வேண்டாம்,
கப்பலுக்குக் கை தூக்கி நிற்கிற மாதிரி போடுங்கள்.

கலால் ஆபீசுக்கு மூன்றுக்கு ஆறு.
இதே நாள், 1944,
உப்பையும் சேர்த்து ஒரு சட்டம் எழுதினார்களாம்.
வாலிநோக்கத்தில் இந்நேரம்
முட்டளவு வெயிலில் பாத்தி மிதிப்பார்கள்.
வாழ்த்து அவர்களுக்கில்லை.

தங்கச்சிமடம் ஜோவிட்டா, முதல் பிறந்தநாள்.
ரோஜாப் பின்னணி, முயல் இரண்டு.

எல்லாம் ஒரே ஃபோல்டரில்.

ஒன்பதரைக்கு ஹபீப் நைனா ஓடி வந்தார்
மகளின் பாஸ்போர்ட்டை நகல் எடுக்க.
கார்கிவில் மூன்றாம் வருஷம் டாக்டருக்குப் படிக்கிறாள்.
டிவியில் அப்போதுதான்
புகையைக் காட்டத் தொடங்கியிருந்தார்கள்.
சுரங்க ரயில் ஸ்டேஷனில் இருக்கிறாளாம்,
சார்ஜ் பதினொரு சதவீதமாம்.
நகலில் பிறந்த தேதியைப் பார்த்தேன்:
ஆகஸ்ட்.
ஏனென்று தெரியாமல் ஒரு நிம்மதி.
காசு வாங்கவில்லை.
நாளை இந்தத் தேதிக்கு இன்னொரு வரி சேர்ந்துவிடும்.

பகல் சாப்பாட்டு நேரத்தில்
முனீஸ்வரி.
முதலாம் ஆண்டு கண்ணீர் அஞ்சலி, இரண்டுக்கு மூன்று.
நம்புசேகரன். தோற்றம் தெரியும்.
மறைவு?

‘செவ்வாக்கிழமை மன்னார் பக்கம் போனாக.
வியாழன் போட்டு வந்துச்சு.
அவுக வரல.’

திதி?
‘எந்த நேரம்னு தெரிஞ்சாத்தானே திதி.’

விசைப்பலகையில் விரலை வைத்துக் காத்திருந்தேன்.
‘நடுவுல ஒரு புதன் கெடக்குல்ல, அதையே போடுங்க.
இருபத்து நாலு.
அன்னைக்குப் பாலத்துக்குப் பொறந்தநாளுன்னு
ரேடியோவுல சொன்னாக.
ஊருக்கு ஞாபகம் இருக்கும்.’

ஒரு நாள்காட்டி ஆர்டருக்காக எப்போதோ தேடிப் படித்தது:
1582, இதே பிப்ரவரி இருபத்து நாலில்தான்
ரோமாபுரியில் போப்பாண்டவர்
நாட்கணக்கு பிசகுகிறதென்று கையெழுத்துப் போட்டார்.
அந்த அக்டோபரில் நாலாம் தேதி படுத்தவர்கள்
பதினைந்தாம் தேதி எழுந்தார்கள்.
நடுவில் பத்து நாள்
யாரும் பிறக்கவில்லை, யாரும் சாகவில்லை.
முனீஸ்வரியிடம் இதைச் சொல்லவில்லை.
அவள் ஒரே ஒரு நாள்தான் கேட்டாள்.

படம் கல்யாண ஆல்பத்திலிருந்து.
மற்றவர்களை வெட்டி எடுத்த பிறகும்
அவன் தோளில் நாலு விரல் ஒட்டியிருந்தது.
அழிக்கப் போனேன்.
‘இருக்கட்டும்’ என்றாள்.
யாருடையதென்று கேட்கவில்லை.

மாலை நாற்சந்தியில்
ஒரே கம்பத்தில் நாலு பேனர்.
அம்மா, பாலம், முயல்கள், நம்புசேகரன்.
வாடை இன்னும் முழுசாய் அடங்கவில்லை,
எல்லாம் ஒன்றாய் உப்பி
ஒன்றாய்த் தளர்ந்தன.
பட்டாசுச் சத்தம் தாண்டி
நைனாவின் போன் மணி கேட்டது
எங்கோ கூட்டத்தில்.
ஒரு முறை. நின்றுவிட்டது.

காலையில் கட்சி பேனரைத் திருப்பிப் போட்டு
நெத்திலி காயவைத்திருந்தார்கள்.
கடை திறந்து புது ஃபோல்டர் போட்டேன்.
இருபத்தைந்து, ரெண்டு.
அதில் இன்னும் ஒன்றுமில்லை.