இரண்டு கார்டு

ஆபிசர்ஸ் லைன் கடையில் முனீர்
இரண்டு பாடியை மேசைமேல் வைத்தான்.
லென்ஸ் கழற்றிய கேமராவுக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர்.
"எந்த பாடி எடுத்துட்டுப் போற?" என்றான்.
டீ கொண்டுவந்த பையன் திடுக்கிட்டுப் பார்த்தான்.
ஆஸ்பத்திரி ஊர்.

ஒன்று நாற்பத்தைந்து மெகாபிக்சல்.
மணப்பெண்ணின் மூக்குத்திக் கல்லைப் பெரிதாக்கினால்
எதிரே குனிந்து நிற்கும் நான் தெரிவேன்.
பதினாலு மணி நேரம் கழுத்தை விட்டு இறங்காத
கைக்குழந்தையின் கனம்.
இரண்டு கார்டு போடலாம்.

மற்றது இருபத்துநாலு. லேசு.
இருட்டில் பூனை.
எழுபதாயிரம் குறைவு.
ஒரே கார்டு.

"எழுபதாயிரத்துக்கு ஒரு லென்ஸே வருமேண்ணா,
கார்டு எங்கண்ணா போகப்போவுது?" என்றான் லோகு.
என்னிடம் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது அவனுக்கு.

என் பழையது மூன்று லட்சம் முறை இமைத்துவிட்டது.
கைப்பிடி ரப்பர் வெயிலில் இளகி உரிந்த இடத்தில்
சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருக்கிறேன்.
இருந்தும் மூன்று மாதமாக
ராத்திரி சோற்றுக்கு முன்னும் பின்னும்
ஃபோனில் இந்த இரண்டையும் அருகருகே வைத்து
எண்களைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.
பெண் பார்த்தபோதுகூட நான்
இவ்வளவு யோசிக்கவில்லை என்கிறாள் வீட்டில்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போ" என்றான் முனீர்.
"குடியாத்தத்துல சிரசு. எடுத்துப் பாரு.
வாடகை வேணாம். தூசி தொடச்சிக் குடு."

குடியாத்தம் என்றதும் வாய் கசந்தது.
ஏழு வருடம் முன்பு, நடுப்பேட்டையில் ஒரு கல்யாணம்.
நலங்கு இருந்தது. பந்தி இருந்தது.
வடை வைக்கும் கை எட்டு கோணத்தில் இருந்தது.
முகூர்த்த நேரம் முழுதும் சாம்பல் பட்டை.
சென்னைக்கு அனுப்பினேன், பதினெட்டாயிரம்.
திரும்பி வந்தது இன்னும் தெளிவான சாம்பல்.
பெண்ணின் அப்பா பாக்கிப் பணத்தை
ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தார்.
திட்டியிருக்கலாம்.

வைகாசி ஒன்று. விடிந்தும் விடியாமல் கூட்டம்.
வலத்தோளில் ஒன்று, இடத்தோளில் ஒன்று,
பழையது லோகுவிடம்.
தேங்காய்ச் சில் தெறிக்கிறது, பறை காதுக்குள் விழுகிறது,
தலைகளுக்குமேல் மிதந்து வருகிறது அம்மன் சிரசு.

கனத்ததைத் தூக்கினேன்.
கண்ணைத் தேடிப் பிடிக்கும் அந்தச் சின்னச் சதுரம்
அம்மன் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது.
மெஷினுக்கு அது மனுஷி கண். அசையவில்லை.
லேசானதை எடுத்தேன்.
அதே இடம், அதே நொடி மாதிரிதான்.
அம்மனை விட்டுவிட்டு
சதுரம் கீழே, கூட்டத்துக்குள் இறங்கி
ஒரு பெண்ணின் கண்ணைப் பிடித்தது.

பிருந்தா.

விரலை எடுத்தேன். சதுரம் விடவில்லை.
அவளே வந்துவிட்டாள்,
மொட்டையில் சந்தனம் பூசிய பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"அண்ணா, அந்தக் கார்டு அப்புறம் கெடச்சுதா?"

கோபமில்லை. பஸ் போயிடுச்சா என்று கேட்பதுபோல.
இல்லை என்றேன்.
அம்மன் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள்.
"சரி, இவனோட ஒண்ணு எடுங்க" என்றவள்
என் இரண்டு தோளையும் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.
"ரெண்டுலயும் எடுங்கண்ணா. எதுக்கும் இருக்கட்டும்."

எடுத்தேன். லோகுவையும் எடுக்கச் சொன்னேன்.

திங்கட்கிழமை முனீரிடம்
கனத்தது என்றேன். இருபத்துநாலு மாதத் தவணை.
கையெழுத்துப் போடும்போது
லோகு என் காதருகே இன்னும் அந்த லென்ஸைப் பற்றியே பேசினான்.

ராத்திரி படங்களைத் திறந்தேன்.
பிருந்தா மூன்றிலும் நேராகப் பார்க்கிறாள்.
பையன்
மூன்றிலும் கண்ணை மூடியிருக்கிறான்.