சின்னத் திருத்தம்

விடியற்காலை நாலேகால். கிளைபேதாவில் மைனஸ் பதினாறு.
துறையின் மின்பலகை சொல்கிறது: முதல் ஃபெர்ரி 4.40.
எஞ்சின் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறது.
ரொட்டி வண்டியோடு ஒருவர் நிற்கிறார்.
ரொட்டியின் ஆவி மட்டும்
அவரை விட்டுவிட்டு அக்கரைக்குப் போகிறது.

இந்த வாரம் என் முறை. போன் எனக்குத்தான் வந்தது.

நான்கு வருடமாக இப்படிக் குளிரவில்லை,
அதனால் யாருக்கும் தெரியவில்லை.
நான்கு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் கமிட்.
நடுவில் பிளந்தேன்.
இங்கே சரியாக இருந்ததா? இருந்தது.
மிச்சத்தில் பாதி. இங்கே? இல்லை.
அதில் பாதி, அதிலும் பாதி,
பத்தாவது கேள்வியில்
அழிக்கப்பட்ட ஒற்றை வரி அகப்பட்டது.
யார் என்ற இடத்தில்: ஸ்கிர்மாந்தே.
நான்.
வெள்ளிக்கிழமை, மாலை 5.52.
ஏன் என்ற இடத்தில் இரண்டே சொல்:
சின்னத் திருத்தம்.

அன்றைக்கு எங்கே ஓடினேன், எந்த பஸ்ஸைப் பிடிக்க?
எல்லாவற்றையும் வைத்திருக்கிறது இந்த வரலாறு,
நான் தராததைத் தவிர.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
நான் அளக்காமல் எடுத்திருக்கிறேன்.

இன்னும் கீழே போனேன், அந்த வரி பிறந்த நாளுக்கு.
கிந்தௌதஸ் எழுதிய குறிப்பு, கடிதம்போல் நீளம்:
‘பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால்
எஞ்சின் சூடேற நாற்பது நிமிடம் என்கிறார்கள்.
இரண்டு காலை கூடவே நின்று பார்த்தேன், நிஜம்.
வேலையில்லாத வரிபோலத் தெரியும். அழிக்காதீர்கள்.
அழித்தே தீர வேண்டுமென்றால்
ஜனவரியில் ஒருநாள் துறைக்கு வந்து நில்லுங்கள்.’

தனிக் கிளையில் வரியைத் திருப்பி வைத்து,
சோதனைகள் பச்சையாகும்வரை நகம் கடித்து,
வில்னியஸில் விழித்திருந்த உக்னேயிடம் ஒப்புதல் வாங்கி
இணைத்தேன். பலகை மாறியது: 5.20.

எட்டு மணிக்கு கிந்தௌதஸை அழைத்தேன்.
இப்போது கௌனஸில் வேறு கம்பெனி.
‘எந்த வரி? எனக்கு எதுவும் ஞாபகமில்லை’ என்றார்,
வாயில் பிரஷ்ஷோடு.
‘அதனால்தானே எழுதி வைத்தேன்.’

உக்னே கேட்டிருந்தாள்,
ஒரு வரிக்கு இவ்வளவு நீளக் குறிப்பா என்று.
படித்துப் பார்த்தேன். ஒன்றையும் வெட்டவில்லை.
கடைசியில் இப்படி முடித்திருக்கிறேன்:
‘நீக்கியது நான். காரணம் எழுதவில்லை, இப்போது தெரியவுமில்லை.
இன்று மைனஸ் பதினாறு.
துறையில் ஒருவர் ரொட்டியோடு நின்றார்.’