வராத படம்

ஹட்டனில், மல்லியப்பு சந்திக்குச் சற்று மேலே
பேக்கரி மாடியில் எங்கள் சங்க அலுவலகம்.
சேர்வர் என்று நாங்கள் சொல்வது
மேசைக்கடியில் கிடக்கும் ஒரு கறுப்புப் பெட்டி.
விசிறிச் சத்தம் நின்றால்தான்
அப்படியொன்று இருப்பதே ஞாபகம் வரும்.

கடிதத்தின் தலைப்பு: பெப்ரவரி செக்ரோல், திருத்தியது.
உள்ளே வெறும் வெள்ளை.
மூலையில் உடைந்த படத்தின் சின்னம்,
முத்திரை ஒட்டாத கட்டம் மாதிரி.
எஸ்தர் மிஸ் திறந்தார், பார்த்தார், மூடினார்.
"நான் ஒண்ணையும் தொடலியே"
என்னிடம் மூன்று தரம் சொன்னார்.
உண்மைதான்.
தொட வேண்டியிருக்கவில்லை.

கடிதத்தைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தேன்.
ஒற்றை எழுத்துப் பெயரில்
எங்குமே இல்லாத ஒரு படத்தை
அழைத்திருந்தார்கள்.
பக்கத்தில் ஒரு வரி:
படம் வராவிட்டால் இதைச் செய்.

வராது என்று தெரிந்த கைதான் எழுதியிருக்கிறது.

எங்கள் அஞ்சல் மென்பொருளிலும் ஒரு சல்லடை உண்டு.
வருகிற கடிதங்களில் கட்டளை கலந்திருந்தால்
பொறுக்கி எறிவது அதன் வேலை.
ஃபேக்டரியில் சல்லடையோரம் நிற்பவர்களைக் கேளுங்கள்,
ஒரேயொரு கண்ணி கிழிந்தால் போதும்,
கழிவு நல்ல தூளோடு மூட்டைக்குள் போய்விடும்,
நிறம் காட்டிக்கொடுக்காது.

அந்த வரி
எஸ்தர் மிஸ்ஸின் உள்நுழைவை உடுத்திக்கொண்டது.
அமைப்புகளுக்குள் போய் ஒரு விதி எழுதியது:
வருவதெல்லாம் ஒரு பிரதி, இந்த முகவரிக்கு.
பூட்டு உடையவில்லை. கடவுச்சொல் களவு போகவில்லை.
அவரே எழுதினார் என்கிறது பதிவேடு,
பகல் இரண்டு பதினான்குக்கு.
பகல் இரண்டு பதினான்குக்கு
எஸ்தர் மிஸ் மீன் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
காகிதத்தை மடித்துக் கூடையில் போட்டதுகூட
எனக்கு ஞாபகம்.

பத்தொன்பது நாள். இருநூற்றுச் சொச்சம் கடிதங்கள்.
அவற்றில் ஒன்று சத்தியவாணியுடையது:
தராசில் ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோ குறைகிறது,
கூடை ஈரமென்று, சாக்கு ஈரமென்று,
வெயிலடித்த நாளிலும் ஈரமென்று.
கீழே ஏழு பெயர்கள். ஏழும் முழுப்பெயர்.

மறு கிழமை ஏழு பேரையும்
அட்டை மொய்க்கும் மேல் மலைக்கு மாற்றினார்கள்.
இதனால்தான் அதுவா?
எந்தப் பதிவேடும் சொல்லாது.

அவளுக்கு வீட்டிலக்கம் இல்லை.
காகிதக் கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும்,
மேசையில் மூன்று நாள் கிடக்கும்,
ஓரம் நனைந்து மறுபடி ஒட்டியபடி கைக்குக் கிடைக்கும்.
அதற்குத்தான் மின்னஞ்சலில் எழுதச் சொன்னோம்.
சொன்னோம் என்ன, சொன்னது நான்.
இதை யாரும் பிரிக்க முடியாது, அக்கா.

திருத்தம் வந்திருந்தது,
அந்த வெள்ளைக் கடிதத்துக்குப் பதினேழு நாள் முன்பே.
அறிவித்தலை வாசித்து நட்சத்திரம்கூடப் போட்டேன்.
பிறகு மின்வெட்டு, பிறகு வருடக் கணக்கு, பிறகு
பிறகு.
நிறுவ ஆறு நிமிடம் ஆனது.
திரையில் ஊர்ந்த பச்சைக் கோட்டைப் பார்க்க முடியாமல்
கீழே பேக்கரியில் போய் நின்றேன்,
வாங்க ஒன்றுமில்லாமல்.

ஞாயிறு பஸ் பிடித்துப் போனேன்.
சத்தியவாணி பீலிக்கரையில் காலுக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தாள்,
கணுக்காலில் அட்டை கடித்த இடம் நிற்காமல் கசிந்தது.
எல்லாம் சொன்னேன். சல்லடை, விதி, பதினேழு நாள்.
கேட்டுவிட்டு
"அந்தப் படத்துல என்னா இருந்துச்சி?" என்றாள்.
ஒன்றுமில்லை, அப்படியொரு படமே இல்லை.
"ஒண்ணுமில்லாததுக்கா?"

சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்,
பீலி இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை.
மற்றக் காலை நீரடியில் நீட்டினாள்.

"தராசு இன்னும் அப்பிடித்தான் இருக்கு.
அடுத்த கடுதாசி எழுதணும்.
எதுல எழுத, சொல்லு."