ஒலிப்பலகைக்குப் பின்னால்

என் வேலை எளிது.
மாதம் ஒருமுறை நகராட்சிக் கூடத்தில்
நான்கு ஒலிவாங்கி, இரண்டு பெட்டி,
ஒரு கறுப்புக் கம்பிச் சுருள்.
பேசுகிறவர் வாயைத் திறக்குமுன்பே
அவர் பயம் என் காதுக்கு வந்துவிடும்:
எச்சில் விழுங்குவது,
மோதிரம் மேசையில் நடுங்குவது,
காகிதம் காகிதத்தோடு உரசுவது.
யாரிடமும் சொன்னதில்லை.

இந்தக் கடலோர நார்வேயில் பேச்சு கம்மி.
அண்டை வீட்டுக்காரரிடம் தலையசைத்தால்
ஒரு வாரத்துக்குக் காணும்.
ஆனால் ஸ்கார்வோய் தீவுக்குப் போகும் படகை
வரவுசெலவில் கோடு போட்டு அடித்துவிட்டார்கள்.
நவம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டம்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.

ஒன்பதாவது பெயர் தோர்குன்.
இருபத்திரண்டு வருடமாக அந்தப் படகின் தளத்தில்
கார்களை வரிசைப்படுத்துகிறவள்.
இரண்டு முறை கழிப்பறைக்குப் போனாள். எண்ணினேன்.
எட்டாவது ஆள் பேசும்போது
கோட்டை மாட்டிக்கொண்டு கதவுவரை போய்,
வெளியே இன்னும் காற்று அடிக்கிறதா என்று
பார்ப்பவள்போல் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.
கோட்டைக் கழற்றவில்லை.

ஒலிவாங்கி அவள் நெற்றிக்கு நேராக இருந்தது.
எழுந்து போய்த் தாழ்த்தினேன்.
அப்போது பார்த்தேன், அவள் காகிதத்தில்
வரிக்கு வரி சிவப்பு மையில்
'மூச்சு', 'மூச்சு'.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்றாள்.
அதற்குமேல் ஒன்றுமில்லை.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
பதினோரு வினாடி.
பின்வரிசையில் யாரோ இருமினார்கள், இரக்கத்தோடு.
இரக்கம் எவ்வளவு கொடியது என்று
அந்த இருமலைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

ஒலியைக் கூட்டினேன்.
எனக்குத் தெரிந்த உதவி அதுதான்.
கூடம் முழுக்க அவள் இதயம் கேட்டது,
தொம், தொம் என்று.
இதயமில்லை. நடுங்கிய உடம்பில்
கோட்டுப் பொத்தான் ஒலிவாங்கித் தண்டில் இடித்துக்கொண்டிருந்தது.
குறைத்தேன். அதற்குள் எல்லோரும் கேட்டாயிற்று.
அவளும்.

"அது என் பொத்தான்" என்றாள்.
யாரோ சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.
காகிதத்தை மடித்துப் பையில் திணித்தாள்.
ஒலிவாங்கியைப் புறங்கையால் ஒதுக்கினாள்.
டீசல் இரைச்சலுக்கு மேலே
லாரிக்காரர்களைக் கூப்பிடும் குரலில்
"கைப்பிரேக் போட்டாச்சா?" என்றாள்.
தலைவர் அஸ்பியோர்ன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் தளத்தில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது,
வெள்ளை வேனின் பின்சீட்டில்.
மூன்று சவப்பெட்டிகளை ஏற்றியிருக்கிறேன்.
மூன்றுக்கும் சரக்குக் கட்டணம் வாங்கினீர்கள்.
அது தப்பு என்று அப்போதே எழுதினேன்,
பதில் வரவில்லை,
அதனால்தான் நேரில் வந்தேன்."

குரல் உடைந்தது, ஒட்டியது, மறுபடி உடைந்தது.
முழங்கால் ஆடியதை மேசை மறைத்தது.
எனக்கு மட்டும் மறைக்கவில்லை, தரை அதிர்ந்தது.
ஆடிக்கொண்டேதான் பேசினாள்.
பயத்தை வென்றாள் என்று நாளிதழ் எழுதும்.
நான் கேட்டவரைக்கும் அது எங்கேயும் போகவில்லை.
அவளுடைய வரிசையில்
அதுவும் ஒரு வண்டியாக நின்றது,
கைப்பிரேக் போட்டுக்கொண்டு.

சிவப்பு விளக்குக்குப் பின்னும் நாற்பது வினாடி பேசினாள்.
ஒலியை நிறுத்தவேண்டும், அது விதி.
நிறுத்தினேன்.
ஒரு வித்தியாசமும் இல்லை.

முடிவை வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

கம்பிகளைச் சுருட்டும்போது பக்கத்தில் வந்து
"ரொம்ப மோசமா?" என்று கேட்டாள்.
எவ்வளவோ சொல்ல இருந்தது.
"பொத்தான் தொங்குகிறது, தைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவள் போனபின் கூடம் காலி.
பதினெட்டு வருடமாக ஒலிவாங்கியில் நான் சொன்னது
'ஒன்று, இரண்டு' மட்டுமே.
இன்றும் சொன்னேன், ஒன்று, இரண்டு.
பிறகு, ஆளில்லாத நாற்காலிகளிடம்,
என் பெயரைச் சொல்லப் போனேன்.
காதில் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.