அரசுத் தரப்பு சாட்சி 14

ஆறு வருடம் கழித்து வந்த சம்மனில்
இறந்தவர் பெயர் ஏசுவடியான் என்றிருந்தது.
எனக்கு அவர் ஓர் எண்:
அந்த வருடத்தின் இருநூற்றுப் பதினேழு.

ஆரல்வாய்மொழிக் காற்று பேருந்தை ஒருபக்கம் தள்ள
மடியில் ஃபைலை விரித்து
என் கையெழுத்தையே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
இடது பொட்டில் வெடிப்பு, ஐந்து சென்டிமீட்டர்.
விரலிடுக்கில் ரப்பர் பால், உலர்ந்து கறுத்தது.
இரைப்பையில் பாதி செரித்த மரச்சீனி, மீன்முள் ஒன்று.
முகம் வரவேயில்லை.

நாகர்கோவில் கோர்ட்டில்
மின்விசிறி எட்டாத இடத்தில் கூண்டு.
சத்தியம் செய்தேன், பட்டங்களைச் சொன்னேன்.
சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மரணம் என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையானவர்.
ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் டாக்டர் என்றார்,
ஊசி போடுமுன் நாங்கள் பஞ்சால் துடைப்பதுபோல.

"டாக்டர், குலசேகரம் சானல் படியில் கால் வழுக்கி
தலை கல்லில் மோதினாலும் இந்தக் காயம் வருமா?"
வரலாம், ஆனால்
"ஆனால் வேண்டாம் டாக்டர்."
தட்டச்சர் 'வரலாம்' அடித்து
முற்றுப்புள்ளி வைத்தார்.

விழுகிறவன் கையை ஊன்றுவான்.
உள்ளங்கைத் தோல் உரியும்.
இவர் உள்ளங்கையில் பழைய காய்ப்பு தவிர ஒன்றுமில்லை.
அரசு வக்கீல் எழுந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
அவர் அடுத்த வழக்கின் கட்டை
அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

சாட்சிப்படிக்கு வராந்தாவில் நின்றபோது
குடையை மார்போடு பிடித்தபடி ஒருத்தி வந்தாள்.
லில்லிபாய். மனைவி. சாட்சி இரண்டு.
வலித்திருக்குமா என்று கேட்பாள்;
அதற்கொரு பதில் எப்போதும் வைத்திருப்பேன்.

"மரச்சீனியும் மீனும்னு சொன்னியளே,
மெய்தானா?"
மெய்தான்.
"எனக்க வீட்டுல அன்னைக்கு அடுப்பு பத்தவைக்கல்ல.
சண்டை. வெறும் வயித்தோட இறங்கிப் போனாரு.
எங்க வச்சுத் தின்னாரு டாக்டரம்மா?
ஆரு விளம்பிக் குடுத்தா?"

இரைப்பை அதைச் சொல்வதில்லை என்றேன்.

ஆறு வருடம் அவரைப் பட்டினியாகவே
புதைத்து வைத்திருந்தவள் முகத்தில் வந்தது
நிம்மதியா, வேறொரு சந்தேகமா,
கருத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.
உள்ளே யார் பெயரையோ
மூன்று முறை கூப்பிட்டார்கள்.
அவள் இன்னும் போகவில்லை.

"என்ன மீனுன்னாவது தெரியுமா?"

முள், ஒன்று
என்றுதான் எழுதியிருந்தேன்.