இரண்டு கையும் வேண்டும்

உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தால்
மூன்றாவது நிமிடம் வழுக்கும்.
அப்புறம் பிக்ரியாவுக்குத் தெரிவது
என் சமையலறையின் மேற்கூரை மட்டும்.
அவள் பத்தூமியில், நான் திபிலீசியில்.
நடுவே முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரும்
ஒரு ஜாடியும்.

ஒரு கையில் போனைப் பிடித்து
மறு கையால் பேசலாமே என்கிறார்கள்.
பேசலாம்.
பாதி வாயைப் பொத்திக்கொண்டு
நீங்களும் பேசிப் பாருங்கள்.

முந்தாநாள் ஜாடியோடு சேர்ந்து விழுந்தது.
திரையின் மேல்மூலையில்
மீன்முள் மாதிரி ஒரு கீறல்.
அதனால் வேலை முடிந்த கையோடு
புருவத்தில் மாவு ஒட்டியிருக்க
சுரங்கப்பாதையில் இறங்கினேன்.

ட்சியாலாவின் கடையில் சுவரே தெரியவில்லை.
கண்ணாடி போன்றது (ஆறு மாதத்தில்
தேநீர்க்கறை ஏறும், தெரியும்),
பணம் வைக்க மடிப்புள்ள தோல்,
யாரோ சண்டைக்குப் போக வேண்டியதுபோல
நான்கு மூலையும் புடைத்த கறுப்பு ரப்பர்.
அவள் பேசிக்கொண்டே திரும்பிக்கொண்டாள்.
உதடு போனால் எனக்குப் பேச்சும் போயிற்று.
காதைத் தொட்டுக் காட்டினேன்.
சிவந்தாள். பிறகு
பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதினாள்:
இதில் ஸ்பீக்கர் துளை பெரியது, சத்தம் நன்றாக வரும்.
எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.
இருவரும் சிரித்தோம்.

கறுப்பு ரப்பரைத் தன் போனுக்கு மாட்டித்
தோளுயரத்திலிருந்து விட்டாள்.
என் செருப்புக்கடியில் ஒரு மொத்தை அடி.
எடுத்துக் காட்டினாள், ஒரு கோடு இல்லை.
முதுகில் மடக்குக்காலும் உண்டு,
நாய் மாதிரி நின்ற இடத்தில் நிற்கிறது.
இதுதான் என்று பணத்தை எடுத்தேன்.

எடுத்தவன் நிறுத்தினேன்.
என் போனுக்கு அதை மாட்டி,
எண்ணை எழுதிக் கொடுத்து,
கூப்பிடு என்று சைகை செய்தேன்.
விழித்தாள், ஆனாலும் கூப்பிட்டாள்.
கன்னத்தோடு அழுத்திப் பிடித்தேன்.
அகலமான மெத்தையின் அந்தக் கோடியில்
யாரோ புரண்டு படுத்ததுபோல,
அவ்வளவுதான் அதிர்வு.
விடியற்காலை மூன்று மணிக்குத் தலையணையடியில்
இது துடித்துத்தான் நான் எழுகிறேன்.
எழாவிட்டால் மாவு புளிக்கும்,
ரெவாஸின் முகம் அதைவிட.

மெல்லிய பிளாஸ்டிக் ஒன்று, பன்னிரண்டு லரி,
மஞ்சள் வாத்துப் படம்.
அதில் துடிப்பு பல்லின் வேர்வரை வந்தது.
ஆனால் அதற்குக் கால் கிடையாது.

தலைக்கா, கைக்கா?
நான் கறுப்பையும் வாத்தையும் மாற்றி மாற்றி எடுக்க
ட்சியாலா என் போனை வாங்கிக்கொண்டாள்,
இரண்டு கையாலும் மார்புயரத்தில் பிடித்தாள்,
ஓரடி பின்னால் போனாள்,
பேசு என்று தலையசைத்தாள்.

பிக்ரியா வந்தாள். ஈரத் தலை, கையில் சீப்பு.
எல்லாம் சொன்னேன். ரப்பர், வாத்து, மூன்று மணி.
வரிசையில் நின்றவர்கள்
பார்க்காததுபோல் பார்த்தார்கள்.
முதல் தடவையாக உன் முழங்கை தெரிகிறது என்றாள்.
யார் அது பிடித்திருப்பது, ஆடவே இல்லையே?
பிறகு சீப்பைப் போட்டுவிட்டு,
மடையா,
நாளெல்லாம் மாவில்தானே கிடக்கிறாய்,
ஒரு உருண்டை கொண்டுவந்து அதில் நடு என்றாள்.

வாத்தை வாங்கினேன்.
இப்போது மேசைமேல் ஒரு பிடி மாவு,
அதில் இடுப்பளவு புதைந்து போன்.
பேச்சு முடிந்ததும் கவரைக் கழற்றிக் குழாயில் கழுவுகிறேன்,
வாத்தின் கழுத்தில்தான் அதிகம் ஒட்டும்.
ஒரே ஒரு குறை:
எங்கள் பேச்சு நீண்டால் மாவு உப்புகிறது.
போன் மெதுவாகப் பின்னால் சாய்கிறது,
முதலில் என் கைகள் போகும், அப்புறம் தாடை.
கூரை வந்ததும்
அவள் கொட்டாவி விடுகிறாளாம்.
அதைப் பார்க்க நான்
மேசைமேல் குனிய வேண்டியிருக்கிறது.