இருபதுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில்

யானையை வாங்கிவிட்டு
அங்குசத்துக்கு அலைந்தவர்களில் நானும் ஒருத்தி.

யார்க்டன் சந்தையில் கிடைத்தது,
ஒரு டிராக்டர் டயரின் விலைக்கு.
பெல்ஜியத்துக் கைவேலை, இரட்டைக்குழல்,
சுத்தியல் இரண்டும் முயல்காதுபோல் பின்னே மடங்கியவை.
இரும்பையும் எஃகையும் நாடாவாக முறுக்கி,
காய்ச்சி, அடித்து, குழலாக்கியிருக்கிறார்கள்.
சாய்த்துப் பிடித்தால்
தோலுக்கடியில் புகை ஓடுகிறது,
எங்கேயும் போகாமல்.

துளையின் எண் இருபத்துநான்கு.
தலைகீழ்க் கணக்கு அது:
ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை உருண்டையாக உருட்டினால்
ஒன்று குழலுக்குள் சரியாக உட்காருமோ
அத்தனை.
எண் ஏற ஏறத் துளை இறங்கும்.

"இருபதா, இருபத்தெட்டா?" என்றான் கடைப்பையன்.
"நடுவில்."
"நடுவில் ஒன்றும் கிடையாதே."
பொய்யில்லை. அவன் அலமாரியில்
இருபது முடிந்த இடத்தில் தூண்டில்முள் தொடங்கிவிடுகிறது.

பிரேசிலில் இன்னும் செய்கிறார்களாம்,
அங்கே இது மண்வெட்டி மாதிரி ஒரு வீட்டுச் சாமானாம்.
கேட்டதும் பொறாமையாக இருந்தது.
அப்புறம், ஏனோ, கொஞ்சம் ஏமாற்றமாக.

மூன்று குளிர்காலம் சுவரில் தொங்கியது.
கறக்காத மாட்டுக்கு எண்ணெய்க்குளியல் வேறா
என்பான் ஒஸ்டாப், ஒவ்வொரு முறையும்,
ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல.

லாசியுக் பண்ணை ஏலத்தில்
பால்கேன்களுக்கும் துருப்பிடித்த தராசுக்கும் இடையில்
ஓர் அட்டைப்பெட்டி. மூடியில் பறக்கும் காட்டுவாத்து.
பத்துத் தோட்டாக்கள்.
ஓரத்தில் சின்னதாக: இருபத்துநான்கு. கரும்பொடி.

எதிரே விலை கேட்டவர் ரெஜைனாவிலிருந்து வந்தவர்,
பெட்டிகளை மட்டும் சேர்ப்பவர்.
நூற்றெண்பது டாலரில் கையைக் கீழே போட்டார்.
"இதைச் சுடப் போகிறீர்களா?" என்று பிறகு கேட்டார்,
கிளியைச் சமைக்கப் போகிறீர்களா
என்று கேட்பவரின் முகத்தோடு.

காகித உடல். ஒருகாலத்தில் சிவப்பு,
இப்போது வேகவைத்த பீட்ரூட்டின் மறுநாள் நிறம்.
மூக்கருகே கொண்டுபோனால்
மெழுகு, பழைய புத்தகம், எங்கோ கொஞ்சம் தீக்குச்சி.
எட்டாவதை எடுத்தபோது பார்த்தேன்:
பித்தளை அடியின் நடுவே
ஒரு சின்னப் பள்ளம்.
அடி வாங்கியது. வெடிக்காதது.
யாரோ திரும்பக் கொண்டுவந்து
அதன் இடத்திலேயே வைத்திருக்கிறார்.

குழலின் கனத்தை சாஸ்கட்டூனில் அளந்து வாங்கினேன்.
"கரும்பொடி மட்டும், தினமும் வேண்டாம்" என்றார் அளந்தவர்.

அக்டோபர். அறுத்து முடித்த பார்லிக் காடு.
குட்டையிலிருந்து எழுந்தன வாத்துகள்,
இருட்டின் ஒரு மூலையைப் பிய்த்துக்கொண்டு.
சுத்தியலை இழுத்தேன்.
முதலாவது என் தலைக்கு நேரே வந்தபோது
விசையை அழுத்தினேன்.

டிக்.

அவ்வளவுதான்.
இப்படி ஆனால் முப்பது எண்ண வேண்டும்,
குழல் வெற்றுவானத்தைப் பார்த்தபடி.
உள்ளே நெருப்பு யோசித்துக்கொண்டிருக்கலாம்.
எண்ணினேன். வாத்துகள் என் எண்களுக்குமேல் கடந்துபோயின.
அக்கரையில் ஒஸ்டாப்பின் பன்னிரண்டு
இரண்டு முறை இருமியது.
இருபத்துமூன்று.
இருபத்துநான்கு.
அங்கே கொஞ்சம் நின்றுவிட்டேன்.
பிறகு மீதி ஆறையும் எண்ணினேன்.

திறந்தால் அதே பள்ளம், அதே ஆழம்.
எனக்கு முன்னால் ஒருவர்
இதே மாதிரி குளிரில் கைவிறைத்து நின்றிருக்கிறார்.
எந்த மொழியில் எண்ணினாரோ.
முப்பது வரை போனாரோ, பொறுமை கெட்டாரோ.
குட்டைக்குள் வீசியெறிந்திருக்கலாம்.
நானும்தான்.

இரண்டும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.
மீதி எட்டு.
வருடத்துக்கு ஒன்று என்று ஒஸ்டாப் கணக்குப் போடுகிறான்,
அவன் தட்டில் வாத்து, என் தட்டில் அவன் தந்த வாத்து.

போன வாரம் ரெஜைனாக்காரர் கூப்பிட்டார்:
சுட்டு முடித்திருந்தால்
காலிப்பெட்டியை விலைக்குத் தருவேனா என்று.

இன்னும் காலியாகவில்லை என்றேன்.